பிரஷ் கெடுவது கழுத்தில்: கழுவுவதும் நுனி சேர்ப்பதும்

பிரஷ் கெட்டுப்போவது நுனியில் இல்லை, கழுத்தில். பொழுதுபோக்குக்கு வண்ணம் தீட்ட வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். மரக் கப்பல் மாதிரிக்குக் கோடு போடுகிறவர், டோடோ பொம்மைக்குக் கண் வைக்கிறவர், இங்கே மொரிஷியஸில் டிசம்பரில் தெருவெல்லாம் சிவப்பாகப் பூத்திருக்கும் ஃப்ளாம்பாயான் மரத்தைக் காகிதத்தில் பிடிக்கப் பார்க்கிறவர் என்று யாராக இருந்தாலும், வேலை முடிந்ததும் பிரஷைத் தண்ணீரில் நாலு தடவை கலக்கிவிட்டு, நுனி வெளுத்துவிட்டதா என்று பார்த்து, டம்ளரில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ரெண்டு மாதத்தில் அந்த பிரஷ் துடைப்பமாக விரிந்து நிற்கும். அப்புறம் கடைக்காரர் மேல் கோபம்.

ஒரு வட்ட பிரஷைக் கையில் எடுத்துப் பாருங்கள், 2ஆம் நம்பரோ 4ஆம் நம்பரோ. (நம்பர் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்று கிடையாது, ஒருவருடைய 2 இன்னொருவருடைய 3 போலத் தடியாக இருக்கும், அதனால் நம்பரை நம்பாமல் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.) வெளியே தெரிகிற முடி ஒரு பகுதிதான். அதே முடி உலோகக் குழலுக்குள்ளும் இறங்கிப் போகிறது, அந்தக் குழலைத்தான் கழுத்து என்கிறேன். குழலின் அடியில் முடிகளையெல்லாம் பசை போட்டுப் பிடித்திருப்பார்கள். பசைக்கு மேலே, குழலின் வாய்வரை, முடிகள் நெருக்கமாக இருந்தாலும் ஒட்டியிருக்காது, இடையில் மெல்லிய சந்துகள் உண்டு. வெளியே வந்ததும் முடிக்கற்றை கொஞ்சம் பருத்து நிற்கும் இடம் வயிறு, வண்ணத்தையும் தண்ணீரையும் பிடித்து வைப்பது அதுதான். வயிற்றிலிருந்து சன்னமாகி முடிகிற இடம் நுனி.

இப்போது நடப்பதைப் பாருங்கள். சந்து இருக்கும் இடத்தில் தண்ணீர் தானாக மேலே ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே காரணத்தால்தான். நீங்கள் நுனியை மட்டும் வண்ணத்தில் தொட்டிருந்தாலும், வேலை செய்யச் செய்ய வண்ணம் முடி வழியே ஊர்ந்து கழுத்துக்குள் போய்விடுகிறது. உள்ளே போனது அங்கேயே காய்கிறது. காய்ந்த வண்ணம் இடத்தை அடைத்துக்கொள்வதால் முடிகளின் அடி ஒன்றையொன்று தள்ளுகிறது, அடியில் ஒரு மயிரிழை அகலம் விலகினால் நுனியில் அது பெரிய விரிசலாகத் தெரியும். நீங்கள் நுனியை எவ்வளவு நீவினாலும் மறுபடி விரிவதற்குக் காரணம் இதுதான், கோளாறு அங்கே இல்லையே.

அதனால் முதல் பழக்கம் கழுவுவதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. வண்ணத்தைத் தொடும்போது முடியின் பாதிக்கு மேல் முங்கக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு போதும். வண்ணம் தொடுமுன் பிரஷைச் சுத்தத் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பக்கம் ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் வண்ணம் அங்கே சுலபத்தில் நுழையாது, நுழைந்தாலும் நீர்த்துப்போய்த்தான் நுழையும். எண்ணெய் வண்ணத்துக்கும் எனாமலுக்கும் இது பொருந்தாது, அதற்கு பிரஷ் உலர்ந்திருக்க வேண்டும்.

எந்த வண்ணம் என்பதைப் பொறுத்துத்தான் கழுவும் முறை. நீர்வண்ணம் பாவம், அது சாது. அதில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது அரபிக் கோந்து, அது எத்தனை நாள் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், அதனால் நீர்வண்ண பிரஷை மறந்து வைத்துவிட்டாலும் பெரிய ஆபத்து இல்லை. போஸ்டர் கலரும் பெரும்பாலும் அப்படித்தான்.

அக்ரிலிக்தான் பிரஷைக் கொல்கிறது. இன்றைக்குப் புதிதாக வருகிற முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பதும் அதில்தான். குழாயிலிருந்து வரும்போது அக்ரிலிக் தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் துணுக்குகள், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. தண்ணீர் ஆவியாகிப் போனதும் துணுக்குகள் ஒன்றோடொன்று நெருங்கி, உருகிச் சேர்ந்தது போல ஒரே படலமாகிவிடுகின்றன. சோறாக வெந்தபின் அரிசியைத் திரும்பக் கேட்க முடியாது, அதே கதை: காய்ந்த அக்ரிலிக்கை மறுபடி தண்ணீரில் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. அக்ரிலிக்கோடு உங்களுக்கு இருக்கும் ஒரே சாதகம் நேரம், அது ஈரமாக இருக்கும்வரை வெறும் தண்ணீருக்கும் சோப்புக்கும் போய்விடும்.

அந்த நேரம் எவ்வளவு என்பது நீங்கள் மொரிஷியஸில் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போர்ட் லூயிஸில் மதிய வெயிலில் ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியையும் போட்டுக்கொண்டு தீட்டினால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிரஷ் குச்சியாகிவிடும். இருபது கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிற க்யூர்பீப்பில் தூறலும் மூடுபனியுமாக இருக்கும் ஜூலை மாதத்தில் அதே வண்ணம் நிதானமாகக் காயும். க்யூர்பீப்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம், உங்களுக்கு வேறு தொல்லை இருக்கிறது, பின்னால் வருகிறேன். வெயில் பக்கத்துக்காரர்கள் வேலையின் நடுவிலேயே சில நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷை அலசுங்கள், அடுத்த நிறம் எடுக்க வேண்டுமோ இல்லையோ. அலசுவதற்கு ரெண்டு டம்ளர் வையுங்கள், ஒன்று அழுக்கை விட, மற்றது கடைசியாக முக்கி எடுக்க.

எண்ணெய் வண்ணமும் எனாமலும் தண்ணீருக்கு மசியாது. எனாமலுக்கு ஒயிட் ஸ்பிரிட், இங்கே கேங்காயெரி என்கிற ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் தருவார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு அதுவோ டர்பன்டைனோ. முதலில் பிரஷைப் பழைய துணியில் அழுத்தித் துடைத்து முடிந்த மட்டும் வண்ணத்தை எடுத்துவிடுங்கள், பிறகு கொஞ்சம் ஸ்பிரிட்டில் அலசித் துடையுங்கள், கடைசியில் சோப்பு. ஸ்பிரிட்டோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய, அப்படிச் செய்தால் முடியில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் தங்கி நாளடைவில் கெட்டியாகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் சாமி விளக்கு எரிய வேண்டாம்.

துடைத்த துணியைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் ஆவியாவதுபோல இல்லை, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் அது கெட்டியாகிறது, சேரும்போது சூடு வெளிவருகிறது. எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பயமுறுத்தலுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே வீடுகள் எரிந்திருக்கின்றன. துணியைத் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

சரி, சோப்புக்கு வருவோம். பிரஷ் கழுவவென்றே டப்பாவில் வரும் சோப்பு உண்டு, நல்லதுதான், ஒரு டப்பா வருஷக்கணக்கில் வரும். வாங்க வேண்டுமென்று கட்டாயமில்லை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு வேலை செய்யும், ஆனால் அது முடியில் இருக்கும் எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடுவதால் விலங்கு முடி பிரஷுக்கு அடிக்கடி போடாதீர்கள். எனக்குப் பிடித்தது மார்சேய் சோப்புக் கட்டி, தாவர எண்ணெயில் செய்தது, 72 சதவீதம் என்று மேலேயே அச்சுக் குத்தியிருக்கும். வாசனை சோப்பு, நிறம் போட்ட சோப்பு வேண்டாம்.

கழுவும் விதம் இப்படி. குழாயை மெதுவாகத் திறந்து, பிரஷின் நுனி கீழே பார்க்கும்படி பிடியுங்கள், தண்ணீர் கழுத்திலிருந்து நுனியை நோக்கி ஓட வேண்டும். நுனியை மேலே பார்க்க வைத்தால் வண்ணம் கலந்த தண்ணீரை நீங்களே கழுத்துக்குள் ஊற்றுகிறீர்கள். தண்ணீர் குளிர்ந்ததாகவோ லேசான வெதுவெதுப்பாகவோ இருக்கட்டும், கொதிக்கிற தண்ணீர் உள்ளே இருக்கும் பசையை இளக்கிவிடும். பிறகு உள்ளங்கையைக் குழித்து, சோப்பைத் தேய்த்து, பிரஷைச் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். அழுத்திக் குத்தாதீர்கள். நுரை முதலில் நிறமாக வரும், அலசுங்கள், மறுபடி சோப்பு, இரண்டாவது முறை நுரை வெளிறும், பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தாமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு கழுத்து ஓரத்தில் முடியைப் பிடித்து மெல்லப் பிசைந்து பாருங்கள். வெள்ளை நுரைக்கு நடுவில் கழுத்தின் வாயிலிருந்து ஒரு நூலாக நீலமோ சிவப்போ கசிந்து வரும். அதுதான் பிரஷைக் கெடுக்கப் போகிற வண்ணம். அது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சில நிறங்கள் முடியையே சாயமேற்றிவிடும், வெள்ளை நைலான் முடி இளஞ்சிவப்பாகவே நின்றுவிட்டால் கவலை வேண்டாம், நுரை வெள்ளையா என்பதுதான் கணக்கு.

அடுத்தது நுனி சேர்ப்பது. இதில் மாயமொன்றும் இல்லை, ஒரு சின்னச் சோதனை செய்தால் புரிந்துவிடும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து பிரஷை முழுதாக முக்கிப் பக்கவாட்டில் பாருங்கள்: முடிகள் தனித்தனியாக விலகி மிதக்கும். அப்படியே வெளியே தூக்குங்கள், ஒரு நொடியில் எல்லாம் கூடி ஊசிமுனையாகிவிடும். தண்ணீரின் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுப்பில் முடிகள் சேர்கின்றன. நுனியைச் செய்வது தண்ணீர்தான், நாம் செய்வது அந்த நிலையிலேயே அதைக் காய விடுவது மட்டும். ஆகவே கழுவி முடித்ததும் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதறுங்கள், அதிகத் தண்ணீர் தெறித்துப்போய் முடிகள் தாமே ஒழுங்காகும். பிறகு விரலால் கழுத்திலிருந்து நுனிவரை ஒரே திசையில் நீவி, பிரஷைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே நாலைந்து முறை செய்யுங்கள். தட்டை பிரஷானால் இரண்டு விரலுக்கு நடுவில் தட்டையாக இழுத்தால் போதும்.

அடங்காத முடி ஒன்றிரண்டு இருந்தால், கடைசியாகச் சோப்பு நுரையைக் கொஞ்சம் முடியிலேயே விட்டு நுனியைச் சேர்த்து அப்படியே காய விடுங்கள். சோப்பு உலர்ந்து முடியை அந்த வடிவத்தில் பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை எடுக்கும்போது மறக்காமல் அலசிவிட்டு ஆரம்பியுங்கள். கடையில் புது பிரஷ் ஊசிபோல விறைப்பாக இருப்பதற்கும் காரணம் இதுதான், கோந்து போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதை விரலால் ஒடித்துப் பார்க்காதீர்கள், தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக் கரைத்துவிடுங்கள்.

வாயில் வைத்து நுனி சேர்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரிய ஓவியர்கள் செய்ததுதானே என்பார்கள். 1917 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த ஒளிரும் வண்ணம் தீட்டிய இளம்பெண்களுக்கு, பிரஷை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லித்தான் வேலை கற்றுக்கொடுத்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் செத்துப்போனார்கள், மிச்சமிருந்தவர்களில் சிலர் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. நம் டப்பாக்களில் ரேடியம் இல்லை, ஆனால் சில சிவப்பிலும் மஞ்சளிலும் காட்மியம் உண்டு, சில நீலங்களில் கோபால்ட் உண்டு. விரல் இருக்கும்போது நாக்கு எதற்கு?

நுனியை ஒழுங்குபடுத்தக் கத்தரிக்கோலை எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். விலங்கு முடி அடியில் தடித்து முனையில் தானாகச் சன்னமாவது, பிரஷ் செய்கிறவர்கள் அந்த முனையை வெட்டுவதே இல்லை. முடிக்கற்றையை முனை கீழாக ஒரு சின்னக் கிண்ணத்தில் இறக்கித் தட்டித் தட்டி வடிவம் சேர்த்து, மறுபக்கத்து அடியைத்தான் வெட்டுவார்கள். நீங்கள் நுனியை வெட்டினால் கிடைப்பது மழுங்கின குச்சிகளின் கட்டு. ஒரே ஒரு முடி மட்டும் கொக்கியாக வெளியே நிற்கிறதென்றால் அதைக் கழுத்தோரம் வெட்டி எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

காய வைப்பதில் எல்லோரும் தவறுகிறார்கள். கழுவிய ஈரத்தோடு பிரஷை டம்ளரில் நுனி மேலாக நிறுத்தினால் தண்ணீர் கழுத்துக்குள் இறங்குகிறது, மரப்பிடி ஊதுகிறது, மேல்பூச்சு வெடிக்கிறது, பிறகு பிடி காய்ந்து சுருங்கும்போது கழுத்து ஆட ஆரம்பிக்கிறது. நுனி கீழாகத் தண்ணீர் டம்ளருக்குள்ளேயே விட்டுவிட்டால் இன்னும் மோசம், நுனி வளைந்து அப்படியே நின்றுவிடும். மேஜை ஓரத்தில் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள், அவ்வளவுதான். முழுதும் உலர்ந்த பிறகு நுனி மேலாக நிறுத்திக்கொள்ளலாம்.

க்யூர்பீப்காரர்களின் தொல்லை இங்கேதான் வருகிறது. அந்த ஈரத்தில் பிரஷ் ஒரு நாளில் காயாது, காயாததை டப்பாவில் போட்டு மூடினாலோ, புதிதாக வாங்கியபோது கூட வந்த பிளாஸ்டிக் மூடியை மாட்டினாலோ, அடுத்த வாரம் திறக்கும்போது பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும், கழுத்தோரம் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கும். மூடியைத் தூக்கிப் போடுங்கள், மாட்டும்போது ஒரு முடி வெளியே மடங்கினாலும் பிரஷ் போயிற்று. காற்றோடும் இடத்தில் ரெண்டு நாள் விட்டு, பிறகு டப்பாவில் வைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தைக் கூடப் போடுங்கள். விலங்கு முடியைப் பூச்சியும் தின்னும், கம்பளித் துணியைத் தின்கிற அதே பூச்சிகள். கற்பூரம் ஒரு துண்டு காகிதத்தில் மடித்து வைக்கலாம். பூச்சி உருண்டை வைக்கிறவர்கள் பிளாஸ்டிக் மாதிரிகளை அதே டப்பாவில் வைக்காதீர்கள், உருண்டையிலிருந்து வரும் நாஃப்தலீன் ஆவி, மாதிரிகளில் இருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

ஏற்கெனவே கெட்டுப்போனதை மீட்க முடியுமா என்றால், பாதி முடியும். காய்ந்த அக்ரிலிக்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். முடி மட்டும் முங்கும்படி ஊற்றிப் பத்து நிமிடம் போல வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் கழுத்திலிருந்து நுனிப் பக்கமாக வாருங்கள். பிடியில் பட்டால் அதன் பூச்சு இளகும். ரம் ஊற்றலாமா என்று இந்த ஊரில் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், வேலைக்கு ஆகாது, அதற்கு வேறு நல்ல உபயோகம் இருக்கிறது. ஆல்கஹால் போட்ட பிறகு சோப்பு, விலங்கு முடியானால் தலைக்குப் போடும் கண்டிஷனரும் ஒரு துளி.

செயற்கை முடிக்கு வரும் நோய் வேறு: நுனி ஒரு பக்கமாகக் கொக்கி போல வளையும். நைலானும் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக், தேய்க்கத் தேய்க்க வளைந்து அந்த வளைவைப் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு மட்டும் சூடு மருந்து. கொதித்து அடங்கிய தண்ணீரில் முடியை மட்டும், கழுத்து நனையாமல், சில வினாடி முக்கி எடுத்து, ஈரக் காகிதத்தால் நீவி நுனி சேர்த்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். இளகிய பிளாஸ்டிக் புது வடிவத்தில் இறுகிக்கொள்ளும். சில நாளில் மறுபடி வளையும், மறுபடி செய்யலாம், ஒரு கட்டத்துக்கு மேல் பலிக்காது. விலங்கு முடிக்கு இதைச் செய்யவே கூடாது, வெந்து உயிர்போய்விடும்.

எதை வாங்குவது? உயர்ந்த விலை பிரஷ் என்றால் கோலின்ஸ்கி, சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால் முடி. வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் சீரிஸ் 7 பிரஷ் 1866இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்டது என்றும், அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்தப் பெயர் என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது. நீர்வண்ணத்துக்கு அது அருமை. அக்ரிலிக் பழகுகிறவருக்கு அது வீண் செலவு என்பது என் கட்சி. நடுத்தர விலையில் செயற்கை முடியில் ஒன்று நடுத்தரமாக, ஒன்று சன்னமாக வாங்கிக் கழுவப் பழகுங்கள். கழுவத் தெரிந்தபின் மகாராணி பக்கம் போகலாம். அப்புறம், கப்பல் மாதிரியில் கயிறு போல இழைக் கோடு போட மிக மிகச் சின்ன பிரஷ் தேவை என்று நினைக்காதீர்கள். அதன் வயிற்றில் வண்ணமே நிற்காது, கோடு முடிவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். நுனி நன்றாகச் சேர்கிற 2ஆம் நம்பர் அதைவிட நீளமாகக் கோடு இழுக்கும்.

கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்பதையும் யோசியுங்கள், அக்ரிலிக் அழுக்குத் தண்ணீர் என்பது பிளாஸ்டிக் தண்ணீர்தான், இந்தத் தீவில் சாக்கடையில் போவது கடைசியில் கரையோரத்து ஆழமில்லாத கடலான லகூனுக்குப் போகும். பிரஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு அலசினாலே பாதி குறைந்துவிடும். டம்ளர் தண்ணீரை அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் தண்ணீர் போய் மிச்சம் படலமாகத் தங்கும், உரித்துக் குப்பையில் போடலாம்.

நுனி போன பிரஷைத் தூக்கிப் போடாதீர்கள். விரிந்த முடி, வண்ணம் தொட்டுத் துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மரப்பலகையின் மேடுகளை மட்டும் வெளுப்பாக்க அருமையாக வேலை செய்யும், பசை தடவ உதவும், நிறங்களைக் கலக்க உதவும், டோடோவின் இறகைச் சொரசொரப்பாகக் காட்ட அதைவிட நல்ல கருவி இல்லை. அதன் பிடியில் ஒரு ரப்பர் பேண்ட் மட்டும் சுற்றி வைத்துவிடுங்கள், அவசரத்தில் நல்ல பிரஷைப் பசை டப்பாவில் விடாமல் இருக்க.